பிளேயரில் மட்டும் மிஞ்சியிருக்கும் பாட்டுகளைக் கணினிக்கு எடுப்பது எப்படி?

நீலவால்
எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் என் கணினியின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. மீட்டுத் தருபவர்களிடம் கொடுத்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. பதினோரு வருடமாகச் சேர்த்த பாட்டுகள் அதில்தான் இருந்தன. தனியாக பேக்கப் எடுத்து வைக்கவில்லை.

அதே தொகுப்பு என் பழைய ஐபாட் கிளாசிக்கில் அப்படியே இருக்கிறது. 160 ஜிபி மாடல், சக்கரம் வைத்தது, இன்னும் நன்றாகப் பாடுகிறது. மற்ற பாட்டுகளைத் தேடிப்பிடித்து மறுபடி சேர்த்துவிடலாம். ஆனால் அதில் 144 கோப்புகள் என் இசை ஆசிரியர் வகுப்பெடுத்தபோது நான் பதிவு செய்தவை. "பாடம் 14 மோகனம் வர்ணம்" என்பதுபோல ஒவ்வொன்றுக்கும் தமிழிலேயே பெயர் வைத்திருந்தேன். அவர் இப்போது பாடுவதில்லை. அந்தக் குரல் உலகத்தில் இந்த ஒரு பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது.

புதுக் கணினியில் செருகியதும், இது வேறொரு நூலகத்தோடு இணைந்தது, இதில் உள்ளதை அழித்துவிட்டுப் புதிதாக இணைக்கட்டுமா என்று கேட்டது. பயத்தில் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். இனி என்ன செய்வது? எடுத்த பிறகு மெமரி கார்டு போடும் ஒரு புதுப் பிளேயரிலும் ஆண்ட்ராய்டு போனிலும் இதே தொகுப்பு இருக்க வேண்டும்.

கம்பிவடம்
அழிக்கட்டுமா என்று கேட்டதற்கு நீங்கள் ஆம் சொல்லவில்லை அல்லவா? அப்படியானால் ஒன்றும் போயிருக்காது. தைரியமாக இருங்கள்.

இரண்டு விஷயம். கேபிளை அப்படிப் பிடுங்காதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் பட்டியல் கோப்பு பாதியில் நின்று, பாட்டுகள் இருந்தும் பிளேயர் "காலி" என்று காட்டும். அடுத்தது, ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருள் உள்ள விண்டோஸில் செருகியே ஆகவேண்டும் என்றால் ஷிஃப்ட், கண்ட்ரோல் இரண்டு விசையையும் அழுத்திப் பிடித்தபடி செருகுங்கள். மேக்கில் கமாண்ட், ஆப்ஷன். தானாக சிங்க் (கணினியில் உள்ளபடியே பிளேயரையும் மாற்றுவது) தொடங்காது.

பழையபேழை
நீலவால், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் பயப்படும் அளவுக்கு நிலைமை மோசமில்லை.

ஐபாட் கிளாசிக்கின் உள்ளே இருப்பது ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க்தான். அதில் கோப்புகளை அடுக்கும் முறை, விண்டோஸில் அமைத்தது என்றால் ஃபேட்32, மேக்கில் அமைத்தது என்றால் ஹெச்எஃப்எஸ் பிளஸ். கணினியில் அது பென் டிரைவ் மாதிரியே தெரியும். திறந்தால் பாட்டு ஒன்றையும் காணோமே என்று தோன்றும், காரணம் கோப்புறை மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. மறைந்த கோப்புகளையும் காட்டச் சொன்னால் "ஐபாட் கண்ட்ரோல்" என்று ஒன்று வரும். அதற்குள் "மியூசிக்", அதற்குள் எஃப்00, எஃப்01, எஃப்02 என்று வரிசையாகக் கோப்புறைகள். பாட்டுகள் அத்தனையும் அங்கேதான் பிரித்துப் போடப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் பெயரும் பொருளே இல்லாத நான்கு ஆங்கில எழுத்து. அதைப் பார்த்துவிட்டு எல்லாம் கெட்டுப்போயிற்று என்று நினைப்பவர்கள் நிறைய.

கெடவில்லை. பாட்டின் உண்மையான பெயர், பாடியவர், ஆல்பம் எல்லாம் கோப்புக்குள்ளேயே டேக் (விவரக் குறிப்பு) ஆக எழுதப்பட்டிருக்கிறது. எந்தப் பாட்டு எந்த நான்கெழுத்துக் கோப்பில் இருக்கிறது, எத்தனை முறை கேட்டீர்கள், எந்தப் பிளேலிஸ்டில் சேர்த்தீர்கள் என்பது மட்டும் ஐடியூன்ஸ் டிபி என்ற தனிக் கோப்பில் இருக்கிறது. ஆகவே அந்த முழுக் கோப்புறையையும் தொடாமல் அப்படியே நகலெடுங்கள். பெயரை அப்புறம் திருத்திக்கொள்ளலாம்.

லினக்ஸ் மடிக்கணினி ஏதாவது இருந்தால் அதுவே நல்லது. அங்கே எந்த மென்பொருளும் தானாக எழுந்து "சிங்க் செய்யட்டுமா" என்று கேட்காது. டிஸ்க்கைப் "படிக்க மட்டும்" என்று மவுண்ட் செய்துவிட்டால் (அதாவது இணைத்துத் திறந்தால்) தவறிப்போய்க்கூட எதையும் அழிக்க முடியாது. ஐபாட் டிரைவாகத் தெரியவில்லை என்றால் மெனு பொத்தானையும் நடுப் பொத்தானையும் சேர்த்து அழுத்திக்கொண்டே இருங்கள். ஆப்பிள் சின்னம் வந்ததும் விட்டுவிட்டு உடனே நடுப் பொத்தானையும் பிளே பொத்தானையும் அழுத்துங்கள். டிஸ்க் மோட் வந்துவிடும்.

நகல் முடிந்ததும் இரண்டு பக்கமும் எஸ்ஹெச்ஏ256 (கோப்பின் கைரேகை போன்ற ஓர் எண்) கணக்கிட்டு ஒப்பிடுங்கள். பதினைந்து வருடம் சுற்றிய டிஸ்க் அது. நகலெடுக்கும்போது பிழை எதுவும் சொல்லவில்லை என்பதை மட்டும் நம்பி விடக்கூடாது.

அந்த 144 கோப்பையும் முதலில் எடுங்கள். டிஸ்க் நடுவழியில் நின்றாலும் மற்றவை போனால் போகட்டும்.

ஒலிமுனை
பழையபேழை சொன்னது போதும், ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 2009க்கு முன்பு ஐடியூன்ஸ் கடையில் வாங்கிய பாட்டுகள் சில பூட்டோடு வந்தவை, கோப்பின் பின்னொட்டு எம்4பி என்று இருக்கும். அவற்றை நகலெடுக்கலாம், ஆனால் வாங்கிய கணக்கில் நுழைந்த கணினியில்தான் பாடும். நீங்களே சிடியிலிருந்து எடுத்தவற்றுக்கும் உங்கள் பதிவுகளுக்கும் அந்தச் சிக்கல் கிடையாது.

நீலவால்
மிக்க நன்றி. லினக்ஸ் மடிக்கணினியில்தான் செய்தேன். எஃப்00இலிருந்து எஃப்49 வரை 50 கோப்புறை. நீங்கள் சொன்ன நான்கெழுத்துப் பெயர்களைப் பார்த்ததும் வயிறு கலங்கியது உண்மை. ஒன்றைத் திறந்தேன். ஆசிரியர் தொண்டையைச் செருமிவிட்டு "எங்கே, இன்னொரு தரம் பாடு" என்றார். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

144 கோப்பும் வந்துவிட்டன. மற்றவை ராத்திரி முழுக்க ஓடி முடிந்தன, மொத்தம் 71 ஜிபி. எஸ்ஹெச்ஏ எல்லாம் பொருந்துகிறது. தம்பியின் பழைய மேக்கிலும் ஒரு நகல் போட்டு வைத்துவிட்டேன்.

மெல்லிசைவாசி
வாழ்த்துகள் நீலவால்! அடுத்த வேலையைத் தொடங்குமுன் நான் பட்டதைக் கேளுங்கள்.

நான் ஒரு சிங்க் மென்பொருளில் "இருபுறமும்" என்பதைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குமே, நல்லதுதானே என்று நினைத்தேன். ஒரு பயணத்தில் பிளேயரில் இடம் போதவில்லை. கேட்டு முடித்த சுமார் 300 பாட்டை அதிலேயே அழித்தேன். வீடு வந்து கேபிளைச் செருகினேன். நான் வேண்டுமென்றே அழித்தேன் என்று புரிந்துகொண்டு கணினியிலிருந்தும் அந்த 300ஐயும் அது அழித்துவிட்டது. மென்பொருள் சொன்னதைச் செய்தது. சொன்னவன் நான்தான். பாதியை இன்றுவரை திரும்பச் சேர்க்க முடியவில்லை.

எந்தப் பாட்டுக்கும் ஒரே ஒரு தாய்வீடு வையுங்கள். கணினியில் உள்ள கோப்புறைதான் அது. பிளேயரும் போனும் அங்கிருந்து வாங்கிக்கொள்ள மட்டும் வேண்டும், திருப்பி எதையும் எழுதக்கூடாது. வலையமைப்பு வழியாக சிங்க் செய்யும் சிங்க்திங் மென்பொருளைப் பயன்படுத்தினால் கணினிப் பக்கம் "அனுப்ப மட்டும்", போன் பக்கம் "பெற மட்டும்". ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி என்றால் திசை எப்போதும் ஒன்றுதான், ஆனால் மூலத்தையும் இலக்கையும் மாற்றி எழுதிவிட்டு டெலீட் விருப்பத்தையும் போட்டால் முடிந்தது கதை. முதலில் ட்ரை-ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை) ஓடவிட்டு எது எது அழியப்போகிறது என்று படியுங்கள். எனக்கு இப்போதும் அது பழக்கம்.

தாய்வீட்டுக்கு ஒரு பேக்கப்பும் வேண்டும். சிங்க் செய்த பிளேயரை பேக்கப் என்று எண்ண வேண்டாம். இங்கே அழிந்தது அங்கேயும் அழியும்.

பழையபேழை
மெல்லிசைவாசி சொன்ன அந்த ஒருவழிப் பாதையைத்தான் ஐடியூன்ஸும் ஆரம்பத்திலிருந்தே வைத்திருந்தது. கணினியிலிருந்து ஐபாடுக்குப் போகும், ஐபாடிலிருந்து திரும்பி வர வழி கொடுக்கவில்லை, கடையில் வாங்கியவற்றைத் தவிர. அதனால்தான் நீலவாலுக்கு இவ்வளவு கஷ்டம். ஒருவழி என்பது நல்ல ஒழுங்கு. ஆனால் உரிமையாளரே தன் கோப்பைத் திரும்ப எடுக்க முடியாதபடி மறைத்து வைப்பது ஒழுங்கு அல்ல. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

1998இல் ரியோ பிஎம்பி300 என்ற எம்பி3 பிளேயர் வந்தபோது கணினியின் பேரலல் போர்ட்டில் மாட்டுவோம். 32 எம்பி இடம். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி, ஆக அரைமணி நேரப் பாட்டு. தினமும் ராத்திரி எதை எடுத்துவிட்டு எதைப் போடுவது என்று யோசிப்பதே ஒரு வேலை. 2001இல் ஐபாட் 5 ஜிபியோடு வந்தது. அப்போது பரவலாக இருந்த யுஎஸ்பி 1.1 வேகம் நொடிக்கு 12 மெகாபிட். அதில் 5 ஜிபியை நிரப்ப ஏட்டுக்கணக்கிலேயே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, நடைமுறையில் இன்னும் அதிகம். ஐபாடில் ஃபயர்வயர் இருந்தது, 400 மெகாபிட். செருகி எடுப்பதற்குள் புது ஆல்பம் ஏறிவிடும் என்ற நிலை அப்போதுதான் வந்தது. சிங்க் என்ற சொல் பாட்டுக்காரர்கள் வாயில் புழங்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான் என்பது என் நினைவு.

நீலவால்
ஒரு விசித்திரமான சிக்கல். யாராவது விளக்குங்கள்.

மடிக்கணினியில் முதலில் பாடங்களுக்கு மட்டும் டேக்கைப் பார்த்துக் கோப்புப் பெயர் வைக்கச் சொன்னேன். எல்லாம் சரியாக வந்தது. பிறகு மேக்கில் உள்ள நகலில் மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்டு என்ற டேக் மென்பொருளை வைத்து முழுத் தொகுப்புக்கும் பெயர் வைத்தேன். அதை வலையமைப்பு வழியாக ஆர்சிங்க் போட்டு மடிக்கணினிக்குக் கொண்டுவந்தேன். பாடங்கள் ஏற்கனவே இருப்பதால் அவற்றைத் தொடாது என்று நினைத்தேன்.

இப்போது பார்த்தால் சில பாடங்கள் இரண்டிரண்டாக இருக்கின்றன. ஒரே பெயர், ஒரே அளவு, ஒரே கோப்புறை! ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இரண்டு எப்படி இருக்க முடியும்? மோகனம், தோடி, காம்போதி, ஹிந்தோளம் எல்லாம் இரண்டு. கல்யாணி, சங்கராபரணம், பைரவி ஒவ்வொன்றுதான்.

இரவுக்காற்று
நீலவால், உங்கள் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். இரட்டையான எல்லாவற்றிலும் ஓ இருக்கிறது. மோ, தோ, போ, தோ. ஒற்றையாக இருப்பவற்றில் இல்லை.

யூனிகோடில் "மோ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ம வோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு விதம். ம வுக்கு முன்னால் தெரியும் இரட்டைக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனிக் குறியாக வைப்பது இன்னொரு விதம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். கணினிக்கு வேறு வேறு. கொ, கோ, கௌ மூன்று வரிசைக்கும் இது உண்டு. ஐகாரத்துக்குக் கிடையாது, அதனால்தான் பைரவி தப்பியது.

பழைய மேக்கில் உள்ள ஹெச்எஃப்எஸ் பிளஸ் எந்தப் பெயரைக் கொடுத்தாலும் பிரித்து வைத்துத்தான் சேமிக்கும். லினக்ஸ் நீங்கள் கொடுத்த பைட்டுகளை அப்படியே வைத்துக்கொள்ளும். உங்கள் மடிக்கணினியில் சேர்ந்த "மோ" இருந்தது. மேக்கிலிருந்து பிரிந்த "மோ" வந்தது. ஆர்சிங்க் இதைப் புதுக் கோப்பு என்று எண்ணிப் பக்கத்திலேயே வைத்துவிட்டது. அதன் மேல் தவறில்லை.

தீர்வு இது. இரட்டையில் ஒன்றை நீக்குங்கள், எஸ்ஹெச்ஏ பார்த்து ஒன்றுதான் என்று உறுதி செய்தபின். பிறகு கான்வ்எம்வி என்ற கருவியை என்எஃப்சி விருப்பத்தோடு ஓடவிட்டால் மீதிப் பெயர்கள் எல்லாம் சேர்ந்த வடிவத்துக்கு வரும். நோடெஸ்ட் என்று சொன்னால்தான் உண்மையில் மாற்றும், இல்லையென்றால் என்ன செய்வேன் என்று காட்டிவிட்டு நிற்கும். இனிமேல் மேக்கிலிருந்து கொண்டுவந்தால் ஆர்சிங்கில் பெயர்களின் வடிவத்தை மாற்றித் தரும் ஐகான்வ் விருப்பத்தைப் பயன்படுத்துங்கள். அது 3.0 பதிப்பிலிருந்துதான் உண்டு. பழைய மேக்கில் வருவது 2.6.9, ஆகவே புதிதாக நிறுவ வேண்டியிருக்கும்.

கம்பிவடம்
இரவுக்காற்று, அருமை! என் தொகுப்பிலும் "சொல்" என்று தொடங்கும் கோப்புகள் மட்டும் இரண்டாவதை நான் கையால் அழித்துக்கொண்டே இருந்தேன். மூன்று வருடமாகக் காரணம் தெரியாது.

நீலவால்
ஓ என்ற எழுத்தைப் பார்க்கவே தோன்றவில்லை எனக்கு. சரிசெய்துவிட்டேன். 144.

கார்டுக்கு வந்துவிட்டேன். 128 ஜிபி கார்டு, பிளேயர் ஃபேட்32 மட்டும் படிக்கும் என்பதால் லினக்ஸிலேயே ஃபார்மேட் செய்தேன். மூன்று தொல்லை. ஒவ்வொரு முறை ஆர்சிங்க் ஓடும்போதும் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுகிறது. பாடங்கள் வரிசை மாறிப் பாடுகின்றன. பாடத் தலைப்புகள் பாதியில் நிற்கின்றன: "பாடம் 14 மோக" என்று காட்டிவிட்டு அடுத்து ஒரு கேள்விக்குறி.

ஒலிமுனை
மூன்றும் எனக்குப் பழகியவை.

திரும்பத் திரும்ப எழுதுவது: ஃபேட்32 கோப்பின் நேரத்தை இரண்டு நொடிக்கு ஒன்றாகத்தான் குறித்துக்கொள்ளும். உங்கள் டிஸ்க்கில் 7ஆவது நொடி என்று இருப்பது கார்டில் 6 அல்லது 8 ஆகும். ஆர்சிங்க் மாறியிருக்கிறது என்று நினைக்கிறது. மாடிஃபை-விண்டோ 1 என்று கொடுங்கள், நிற்கும்.

வரிசை: சில பிளேயர்கள் பெயரையும் பார்க்காது, டேக்கையும் பார்க்காது. கார்டின் கோப்புப் பட்டியலில் எது முதலில் எழுதப்பட்டதோ அதையே முதலில் பாடும். ஃபேட்சார்ட் என்ற சிறு கருவி அந்தப் பட்டியலை அகர வரிசைக்கு மாற்றித் தரும். கார்டை அன்மவுண்ட் செய்துவிட்டு ஓட்டுங்கள். அதற்கு முன் பாடம் 1 என்பதைப் பாடம் 001 ஆக்குங்கள், இல்லையென்றால் 1க்குப் பிறகு 10, 100 என்று போகும்.

தலைப்பு: இது எம்பி3 கோப்பில் டேக் எழுதும் ஐடி3 முறையின் முதல் பதிப்பின் கைவரிசை. அந்த டேக் கோப்பின் கடைசி 128 பைட். தலைப்புக்கு அதில் 30 பைட்தான் இடம். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். "பாடம்" என்பதில் ஐந்து குறி, 15 பைட். இடைவெளி 1, "14" க்கு 2, இன்னொரு இடைவெளி 1, ஆக 19. ம, ஓகாரக் குறி, க மூன்றும் சேர்ந்து 28. அடுத்த ன வுக்கு 3 பைட் வேண்டும், இருப்பது 2. அந்த அரைகுறை ன தான் உங்கள் கேள்விக்குறி. பிளேயர் இரண்டாம் பதிப்பு டேக்கைப் படிக்காமல் இதைப் படிக்கிறது. எம்பி3டேக் அல்லது கிட்3 வைத்து முதல் பதிப்பு டேக்கை நீக்கிவிட்டு, இரண்டாம் பதிப்பை 2.3 வடிவில் யுடிஎஃப்-16 ஆக எழுதுங்கள். 2.4இல்தான் யுடிஎஃப்-8 வரும், பழைய பிளேயர்கள் பல அதைப் புரிந்துகொள்ளாது.

எல்லாம் சரியாக இருந்தும் வெறும் கட்டங்கள் தெரிந்தால் பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். அதை டேக்கில் சரிசெய்ய முடியாது.

கம்பிவடம்
போனுக்கு ஒரு வார்த்தை. ஆண்ட்ராய்டு 3.0க்குப் பிறகு, அதாவது 2011க்குப் பின், பெரும்பாலான போன்கள் கணினியில் டிஸ்க்காகத் தெரிவதில்லை, எம்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறை வழியாகத்தான் பேசும். முன்பு கணினி சேமிப்பிடத்தை எடுத்துக்கொண்டால் போனால் அதைத் தொட முடியாது, இப்போது இரண்டும் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். ஆனால் எம்டிபியில் ஆர்சிங்க் ஒழுங்காக ஓடாது. சிங்க்திங்தான் நிம்மதி. கேபிளில் செருகியும் போன் தெரியவே இல்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். மின்னேற்ற மட்டும் செய்யும் கேபிள்கள் உண்டு.

நீலவால்
எல்லாம் முடிந்தது. கார்டில் 144, போனில் 144, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பேக்கப். அந்த டிஸ்க் கணினியோடு எப்போதும் செருகியிருக்காது.

பாடம் 61 மட்டும் 22ஆவது நிமிடத்தில் பட்டென்று நிற்கிறது. நகலில் கெட்டுவிட்டதோ என்று மறுபடி எஸ்ஹெச்ஏ பார்த்தேன், சரியாகவே இருக்கிறது. ஐபாடிலேயே போட்டுக் கேட்டேன், அங்கேயும் அதே இடத்தில் நிற்கிறது. அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அன்றைக்குப் பதிவுக் கருவியின் பேட்டரி நடுவில் தீர்ந்துவிட்டது. ஆசிரியர் சிரித்துக்கொண்டே, மீதியை மனசில் வைத்துக்கொள் என்றார்.

சிறுதந்தி
இழையை இன்றுதான் பார்த்தேன். அக்காவின் ஐபாட் என்னிடம் இருக்கிறது. மேக்கில் அமைத்தது. என்னிடம் விண்டோஸ் மட்டும்தான். செருகினால் ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று கேட்கிறது. செய்யலாமா?

நீலவால்
வேண்டாம், வேண்டாம். ரத்து என்று கொடுத்துவிட்டு முறையாக வெளியேற்றி எடுத்துவிடுங்கள். உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கும். மேக்கில் அமைத்த டிஸ்க்கை விண்டோஸ் படிக்கத் தெரியாமல்தான் அப்படிக் கேட்கிறது. யாரிடமாவது மேக் இருந்தால் கமாண்ட், ஆப்ஷன் இரண்டையும் பிடித்தபடி அதில் செருகுங்கள். இல்லையென்றால் லினக்ஸை ஒரு பென் டிரைவில் போட்டு உங்கள் கணினியை அதிலிருந்து தொடங்கி, படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்யுங்கள். எஃப்00 கண்ணில் பட்டதும் இங்கே வந்து சொல்லுங்கள், அங்கிருந்து சேர்ந்தே செய்வோம்.